ஆபீசர் நாயின் வயிறு

மணவாள நகரில் காலை நடைக்கு வருகிறவர்கள் நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஒரு நாளைக்கு விழுங்கும் மாத்திரை மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொருவராகக் கேட்டு எண்ணியிருக்கிறேன். நடந்து முடித்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வயிற்றுக்கு வந்துவிடும். ஒருவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. இன்னொருவருக்குத் துவரம்பருப்பு. எனக்குப் பட்டாணி. உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும், இல்லாமல் இந்த வயதுக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

போன வாரம் அந்தப் பேச்சின் நடுவில் எனக்கு ஒரு நாய் ஞாபகம் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் ஒருவருக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடும் நேரம் வந்துவிட்டது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாதியில் விட்ட கதை பல்லில் சிக்கிய நார் மாதிரி என்னை அன்று முழுவதும் படுத்தியது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர், அதற்குப் பின்னால் வயல், வயல் முடியும் இடத்தில் ரயில் பாதை. கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணாமல் நான் சோற்றில் கை வைக்க மாட்டேன். ஐம்பத்திரண்டு பெட்டி கொண்ட வண்டி ஒன்று அந்த வருடம் போனது. அதுதான் அதிகம்.

அந்த வருடம்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. ரோட்டை ஒட்டிய எங்கள் நிலமும் ஒரு தொழிற்சாலைக்குப் போனது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார்கள். என் அண்ணன் பதினொன்றாவது முடித்துவிட்டு, இருந்த ஒரே பேண்ட்டைத் தினமும் மடித்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்த வேலைக்காகக் காத்திருந்தான். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா மீதி நிலத்தில் நெல் போட்டுக்கொண்டே, அண்ணனைவிட அதிகமாகக் காத்திருந்தார்.

தொழிற்சாலைக் கட்டட வேலையைப் பார்க்க வந்த ஆபீசர் எங்கள் வீட்டில், நெல் மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து வாங்கிக்கொண்டு, வாரத்தில் சில நாள் தங்குவார். எந்த ஊர்க்காரர் என்று எங்களுக்குத் தெரியாது. தமிழ் பேசுவார், பாடப்புத்தகத்தில் இருக்கிறது போலப் பேசுவார். ஆவணி மாதத்தில் ஒரு நாள் ஜீப்பில் ஒரு நாயோடு வந்து இறங்கினார். அவருடைய மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாராம். இவருக்கும் இயந்திரங்களைப் பார்த்து எடுத்து வர வடக்கே போகும்படி உத்தரவு வந்துவிட்டதாம். கார்த்திகை தீபத்துக்குள் வந்துவிடுவாராம்.

போகும்போது நைனாவிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். "நாயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பையனுடைய வேலை விஷயம் வந்ததும் பேசுவோம்" என்றார். இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நைனா அந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அண்ணனிடம் சொல்லிவிட்டார்: "இதுக்கு எதுனா ஒன்னு ஆச்சின்னு வெச்சிக்க, உன் வேலையும் அதோட பூடும். பாத்துக்க."

அது வெள்ளைச் சடை நாய். முகம் நரி போல் கூர்மை, வால் முதுகின் மேல் சுருண்டு பூப்போல உட்கார்ந்திருக்கும். அதற்கு ஆபீசர் ஏதோ ஓர் இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார், அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. ஊரே ஆபீசர் நாய் என்றது. கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்க்கும்.

ஊர் நாய்களுக்கு யாரும் சோறு வைத்து நான் பார்த்ததில்லை. எச்சில் இலை, மிஞ்சிய கூழ், அவ்வளவுதான். ஆனால் இது விருந்தாளி, அதுவும் யாருடைய விருந்தாளி. அம்மா அண்ணனுக்கென்று வைத்திருந்த நீல விளிம்பு எனாமல் தட்டை எடுத்துக் கழுவினாள். எங்கள் எருமை கறப்பது முழுவதும் ஸ்டேஷன் டீக்கடைக்குப் போய்விடும். வீட்டில் எங்களுக்கு வருவது மோர்தான், அதுவும் பெரும்பாலும் தண்ணீர். அந்தப் பாலில் தினமும் ஓர் ஆழாக்கை எடுத்து வைத்து, குழைந்த சோற்றில் ஊற்றி, நெய்யும் வெல்லமும் போட்டுப் பிசைந்து அம்மா அதற்குக் கொடுத்தாள். எருமைப் பால் எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குத் தெரியும். விரலை விட்டு எடுத்தால் விரல் வெள்ளையாக வரும். பச்சைப் பாலின் அந்த வாசனையும் சூடு பட்ட வெல்ல வாசனையும் கலந்து வரும்போது நானும் அண்ணனும் நாக்கை உள்ளே வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்போம்.

நாய் தட்டையும் நக்கிவிட்டு எங்களையும் நக்கும். சாப்பாட்டில் அது ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது.

இரண்டாம் நாளே வயிறு போக ஆரம்பித்தது. காலையில் அம்மா போட்ட கோலத்தின் மேலேயே போனது. சுத்தம் செய்வது என் வேலை. உமிச் சாம்பலைக் கொட்டி, கொட்டாங்குச்சியால் வழித்து, வைக்கோலால் துடைத்து, சாணி கரைத்துத் தெளிக்க வேண்டும். புளித்த பால் நாற்றம் என் கையை விட்டுப் போகவே போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவன் இடம் மாறி உட்கார்ந்தான்.

நைனா அதைச் சூடு என்றார். வெந்தயம் ஊறவைத்துத் தயிரில் கலந்து கொடுத்தார்கள். நிற்கவில்லை. அம்மா கண்ணேறு என்றாள். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி வரவில்லை என்பதால் கண்ணேறுதான் என்று உறுதியானது. நிற்கவில்லை. வயிறு போகும் பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று நெய்யை மட்டும் கொஞ்சம் கூட்டினாள்.

புரட்டாசி அமாவாசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று இறந்தவர்களுக்குப் படைத்து, காக்கா வந்து கொத்திய பிறகுதான் மற்றவர்கள் வாயில் பருக்கை படலாம். அன்று கூரையில் இலை வைத்து நைனா ஈர வேட்டியோடு கா கா என்று கூப்பிடுகிறார், ஒரு காக்கா இல்லை. எப்போதும் தென்னை மரத்தில் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். நான் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். எல்லாம் தொழிற்சாலை கட்டும் ஆட்களின் கொட்டகைப் பக்கம் போயிருந்தன. அங்கே கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தாத்தா கருவாட்டுக்குப் பூட்டாரு நைனா" என்றான் அண்ணன்.

நைனா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வைக்கோல் போர்ப் பக்கம் நகர்ந்துவிட்டான். வெயில் சாயும் வரை காத்திருந்தோம். நாய்க்கும் ஒன்றும் வைக்கவில்லை. பெரியவர்களுக்கு முன்னால் நாய்க்கு வைப்பாளா அம்மா? கடைசியில் நைனாவே இலையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், காக்காக்கள் நடுவில் வைத்துவிட்டு வந்தார். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். நாயின் தட்டிலும் அன்று பால் சோறு இல்லை. வடையும் பாயசமும் விழுந்தன.

அன்று சாயங்காலம் அது போனது கெட்டியாக இருந்தது. நான் கொட்டாங்குச்சியோடு நின்றவன் ஓடிப்போய்ச் சொன்னேன். வீட்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நாய் வெட்கப்பட்டுத் தூரப் போய் உட்கார்ந்தது. மறுநாள் காலையில் மறுபடி தண்ணீராகப் போனது. அம்மா கணக்குப் போட்டாள். "நேத்து பாயசம் துன்னுச்சி, நல்லாக் கீது. காலைல பால் சோறு வெச்சேன், பூடுச்சி. அதுக்குப் பாயசந்தான் ஒத்துக்குது."

"நேத்து காலைலேர்ந்து அது ஒன்னுமே துன்னலம்மா, அதான் நல்லா இருந்துச்சி" என்றேன்.

"இன்னாடா, பெரிய மனுசன் ஊட்டுப் புள்ளயப் பட்டினி போடச் சொல்றியா?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அதிலிருந்து தினமும் பாயசம். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நாய் எழுந்திருக்கவில்லை. கூடத்துக்கு மாற்றியிருந்த நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. மூக்கு காய்ந்து, சடையெல்லாம் பின்பக்கம் ஒட்டிப்போய், தூக்கினால் பஞ்சு மூட்டை மாதிரி எடையே இல்லை. அவ்வளவு நாள் அதன் உடம்பு என்று நாங்கள் நினைத்தது முழுவதும் முடிதான்.

நைனா அன்று ஏரோட்டப் போகவில்லை. அதைக் கூடையில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, நான் பின்னாலேயே கூடையைப் பிடித்துக்கொண்டு ஓட, கும்மிடிப்பூண்டி மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவர் என்னோடு பேசவில்லை, நாயோடுதான் பேசினார். "தே, பாரு, கார்த்திகை வரைக்கும் இரு. அதுக்கு அப்புறம் உன் இஷ்டம்" என்றார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை.

மாட்டு டாக்டர் நாயின் கண் இமையை விரித்துப் பார்த்தார். என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று சரியான கேள்வியைத்தான் கேட்டார். நைனா நிமிர்ந்து நின்றார். "எங்க புள்ளைங்களுக்குக்கூட அந்த மாதிரி போட்டதில்ல சார். ஒசத்தியாத்தான் போடறோம்" என்றார். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பொடியைக் கொடுத்து, உடம்பு தேறும்படி நன்றாகப் போடுங்கள் என்றார். வெளியே வரிசையில் நின்ற ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, அவர் அதைப் பார்க்கப் போய்விட்டார். இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது, அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நாயின் உயிர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது என்று தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நைனா பாலை ஆழாக்கிலிருந்து அரைப்படியாகக் கூட்டச் சொன்னார். பாயசம் நின்றது, அரைப்படிப் பால் வந்தது. டீக்கடைக்காரர் பால் குறைகிறதே என்று ஆளனுப்பினார். எருமைக்கு உடம்பு சரியில்லை என்று நைனா சொல்லி அனுப்பினார்.

இங்கேதான் அண்ணன் வருகிறான். வைக்கோல் போருக்குப் பின்னால் படுக்கவைத்திருந்த நாய்க்குத் தட்டில் நெய்ச் சோறும், அரைப்படி தட்டில் அடங்காததால் தனியே செம்பில் பாலும் கொண்டுபோவது நான். வைக்கோல் போர் தாண்டும் இடத்தில் அண்ணன் நின்று, "வண்டி வருது பாரு, போய் எண்ணு. தட்ட நான் குடுக்கறேன்" என்பான். நான் ஓடிவிடுவேன். பெட்டிகளை எண்ணிவிட்டுத் திரும்பினால் நாய் காலித் தட்டை நக்கிக்கொண்டிருக்கும். இப்படிச் சில நாள் போனது. ஒரு நாள் வந்தது கூட்ஸ் இல்லை, தனி எஞ்சின். ஒன்று என்று எண்ணிவிட்டு உடனே திரும்பிவிட்டேன்.

அண்ணன் போருக்குப் பின்னால் குந்திக்கொண்டு செம்போடு பாலைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. பக்கத்தில் மாட்டுத் தொட்டி. அம்மா சோறு வடித்த கஞ்சியை எருமைக்கென்று அதில்தான் ஊற்றுவாள். அண்ணன் அதிலிருந்து தெளிந்த வடிகஞ்சியை மொண்டு, நெய்ச் சோற்றைத் தின்று காலியாக்கிய தட்டில் தனியே எடுத்துவைத்திருந்த வெறும் சோற்றைப் போட்டு, அதன் மேல் ஊற்றி, கல் உப்பு இரண்டைக் கசக்கிப் போட்டு நாயின் முன்னால் வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டான். பிறகு செம்பை என் பக்கம் நீட்டினான். அடியில் ஏடு ஒட்டியிருந்தது.

"நக்கு. நக்கிட்டு வாய மூடிக்கினு இரு" என்றான்.

ஏட்டின் ருசி இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று பாக்கெட்டில் வரும் பாலுக்கு அது வருவதில்லை.

நாய் எழுந்தது. முதலில் உட்கார்ந்தது, பிறகு கோழியைத் துரத்தியது. என் கொட்டாங்குச்சிக்கு வேலை குறைந்து, ஐப்பசி அடைமழை பிடித்தபோது வேலையே இல்லாமல் போனது. சடை பளபளத்தது. நைனா ஊர் முழுக்க மாட்டு டாக்டருக்குக் கைராசி என்று சொல்லிக்கொண்டு, அவருக்கு ஒரு வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் தன் பொடிதான் என்று நம்பி வாங்கிக்கொண்டார். அண்ணனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. வேலை வரப்போகிற மகிழ்ச்சி என்றாள் அம்மா. எருமை மட்டும் கொஞ்சம் இளைத்தது.

அண்ணன் வேண்டுமென்றே நாயைக் காப்பாற்றினானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. முதல் நாள் அவனுக்கு வேண்டியிருந்தது பால்தான் என்று நினைக்கிறேன். பின்னால் நாயைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான். புரிந்த பிறகும் சொல்ல வழியில்லை. சொன்னால் பால் நிற்கும், உதையும் விழும்.

கார்த்திகை தீபம் முடிந்த இரண்டாம் நாள் ஜீப் வந்தது. ஆபீசர் வரவில்லை, டிரைவர் மட்டும் வந்தார். ஆபீசர் வந்துவிட்டாராம், குழந்தையும் பிறந்துவிட்டதாம், நாயைக் கூட்டிவரச் சொன்னாராம். நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். நாயைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி வைத்திருந்தோம். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, போனபோது இருந்ததைவிட நன்றாக ஆகிவிட்டதே என்றார். நைனாவுக்கு அது போதுமாக இருந்தது.

அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் பெரிய செம்பு நிறையப் பால், சர்க்கரை போட்டது. வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதாம். பட்டணம் வரைக்கும் ஜீப்பில் போக வேண்டுமே. எனாமல் தட்டை ஜீப் படியில் வைத்துச் செம்பைச் சாய்க்கப் போனாள். நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். ஆபீசர் வீட்டு வாசலில் ஜீப் கதவைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் இரண்டு எட்டு வைத்து வந்து, அம்மாவின் கையிலிருந்து செம்பை வாங்கி, நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் நைனாவின் கைதான் வந்தது. மீசை முளைத்த பிள்ளையை அவர் அடித்து நான் அன்றுதான் பார்த்தேன். செம்பு உருண்டு ஜீப்புக்கு அடியில் போனது.

"அதுக்கு ஆவாது நைனா" என்றான் அண்ணன், கன்னத்தைப் பிடித்துக்கொள்ளாமல். "பால் குடிச்சா செத்துப் பூடும். இத்தினி நாளா நாந்தான் குடிச்சிக்கினு கீறேன். அதுக்கு மாட்டுத் தொட்டிக் கஞ்சி."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாலா குடுத்தீங்க? அய்ய. ஐயா ஊட்ல பால் டம்ளர்கிட்ட அது வந்தாலே அம்மா தொரத்துவாங்க."

"ஆபீசர் ஒன்னும் சொல்லலியே" என்றார் நைனா.

"அவருக்கு இன்னா தெரியும்? அவரு என்னிக்கி அதுக்குச் சோறு வெச்சாரு?"

நாயை ஏற்றினார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நைனா ஜீப்பின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார். பையன் வேலையைப் பற்றி ஏதாவது சொல்லி அனுப்பினாரா என்று கேட்டார். எஞ்சின் சத்தத்தில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"நாயக் கூட்டினு வான்னாரு. அவ்ளோதான்" என்றார் டிரைவர்.

அதற்குப் பிறகு நைனா அண்ணனைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை கேட்டுக்கு ஒரு தடவை போனார். நானும் போனேன். நிலம் கொடுத்தவர்கள் இன்னும் பலர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். எண்ணினேன், பதினெட்டுத் தலை. உச்சி வெயிலில் ஜீப் வந்தது. பின் சீட்டில் நாய் இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்று வாலை ஆட்டிக் குரைத்தது. ஆபீசர் அது யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். நைனா கும்பிட்டார். அவரும் தலையை அசைத்தார் என்றுதான் நினைக்கிறேன். ஜீப் உள்ளே போனது, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

வேலை வராமல் போகவில்லை. நிலம் கொடுத்த வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஆபீசர் வேறு ஊருக்கு மாறிப் போன பிறகு, தானாக வந்தது. அண்ணன் அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றான். அந்த வேலையில் நாய்க்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. கேட்டிலிருந்து திரும்பி வந்த அன்று எங்களுக்குத் தெரிந்தது, வேலை போய்விட்டது என்பதுதான்.

அன்று வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. நைனா நடந்து வந்த களைப்பில் கால்களை நீட்டி உட்கார்ந்து, நெல் மூட்டைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேண்ட்டைக் கழற்றி மடிக்காமல் கொடியில் போட்டான்.

மறுநாள் விடிந்ததும் அம்மா பால் கறந்து வந்து, டீக்கடைக்கு அளந்து ஊற்ற உட்கார்ந்தாள். இனி எடுத்து வைக்க ஆளில்லை, முழுவதும் கடைக்குத்தான். அவள் கடைசி அளவை ஊற்றப் போகும்போது, வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த நைனா திரும்பாமலே சொன்னார்.

"அத ஊத்தாத. அவனுக்கு வெய்யி."

அம்மா பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் முதலில் தொடவில்லை. நைனா வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அதன் பிறகு அண்ணன் டம்ளரை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தான்.